நீலத் திரையும் அண்ணன் பெயரும்

முன்னறையில் ஒரு டம்ளர் விழுந்தது. விழுந்த டம்ளர் உருண்டு போய் மேசைக்காலில் முட்டி நிற்கும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வனிதா கையை நிறுத்தினாள். டீயைக் கொட்டிவிட்டால் திருப்பதி சும்மா இருக்கிற ஆள் இல்லை. "வனிதா, துணி கொண்டா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். பிறகு டம்ளரைத் திட்டுவார். இன்று கத்தலும் இல்லை, திட்டும் இல்லை.

"என்னங்க, கொட்டிட்டீங்களா?"

துருவலை வைத்துவிட்டு எழுந்தாள்.

அவள் வந்து பார்த்தபோது டீ தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் அதை மிதித்தபடியே நின்றிருந்தார். மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரை முழுக்க நீலம். நடுவில் வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலீஷ், அதற்குக் கீழே நீளமாக ஒரு காலிக் கட்டம்.

"நேத்து சர்வீஸ்லேருந்து எடுத்தாந்தேன்ல, இப்பதான் ஆன் பண்ணேன். இப்படி நிக்குது. ஏதோ கீ கேக்குது வனிதா."

"ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க."

"நாலு தடவை போட்டாச்சு."

வனிதாவுக்கு நீலத் திரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கீரமங்கலத்திலிருந்து காவ்யா வந்துவிடுவாள் என்பதும் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அறந்தாங்கியைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எது நடந்தாலும் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போவது திருப்பதி. எடுத்துவந்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்கிக் கொடுப்பது வனிதா. வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. கண்ணாடிக் கதவில் 'வனிதா டிஜிட்டல்' என்று சிவப்பு எழுத்து ஒட்டியிருக்கும். இந்த ஊரில் பாதி வீடுகளில் அப்பாவோ அண்ணனோ துபாயிலும் குவைத்திலும் இருப்பார்கள். வீட்டுக் கல்யாணத்தை அவர்கள் பார்ப்பதே வனிதா வெட்டி ஒட்டிய படத்தில்தான். தாலி கட்டுகிற நேரம் கேமராவுக்கு முன்னால் யாராவது தலையை நீட்டிவிட்டால், ஏதோ ஒரு பாலைவனத்தில் ஓர் அண்ணன் தங்கையின் கழுத்தைப் பார்க்காமல் போய்விடுவானே என்று அவள் நிஜமாகவே அழுவாள். அப்படி ஒரு மனசு அவளுக்கு.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. வருடா வருடம் அந்த மாதத்தில்தான் லைட்டு, கேமரா, லேப்டாப் எல்லாம் சர்வீசுக்குப் போகும். இந்த வருடமும் போனது. புது பேட்டரி போட்டு, ஏதோ அப்டேட்டும் செய்து கொடுத்திருந்தார்கள். அதிலிருந்துதான் இந்த நீலம்.

சர்வீஸ் செய்த அருண்குமாருக்குப் போன் போனதும் பைக்கில் வந்து இறங்கினான். நல்ல பையன்தான், படித்தவன். திரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, இது டிஸ்க்கு பூராவும் பூட்டிக்கிட்டு நிக்குது. மெஷின்ல ஏதாச்சும் மாத்துனா சில நேரம் இதுக்குச் சந்தேகம் வந்துரும். யாரோ திருடன் தொறக்குறான்னு நெனச்சுக்கும். நாப்பத்தெட்டு நம்பர் கீ ஒண்ணு இருக்கு. அதைப் போட்டாத்தான் தொறக்கும்."

"நாங்க பூட்டவே இல்லையேடா!"

"நீங்க பூட்ட வேணாம்ணே. மொத மொதல்ல மெயில் போட்டுத் தொறக்குறப்பவே அது தானா பூட்டிக்கும், கீயையும் அந்த மெயில்லயே வச்சுக்கும். இதை ஒடைக்கெல்லாம் முடியாது. அழிச்சுட்டுப் புதுசா வேணா போட்டுத் தரலாம்."

அழிச்சுட்டு என்ற சொல்லைக் கேட்டதும் வனிதா எழுந்துவிட்டாள். "அழிக்கிற பேச்சைப் பேசாத தம்பி. உள்ள ஒரு மனுசன் இருக்காரு."

அருண்குமார் திருதிருவென்று விழித்தான்.

உள்ளே இருந்தவர் பெயர் ஆத்மநாதன். கீரமங்கலத்தில் பூக்கொல்லை வைத்திருந்தவர். வைகாசி கடைசியில் ஒரே மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் செய்தார். படம் எடுத்தது திருப்பதி. முதல் பந்தி முடிந்து கூட்டம் குறைந்த நேரத்தில் ஆத்மநாதன் அவரைத் தனியாக மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். "தம்பி, மகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும். நேருல சொன்னா அழுதுருவேன். இதுல சொல்றேன். படம் முடியிற எடத்துல போட்ருங்க, நடுவுல போட்டுராதீங்க" என்று சொல்லிப் பேசினார். திருப்பதியைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லை. மகளிடம் மட்டும் "ஒனக்கு வீடியோவுல ஒண்ணு வச்சிருக்கேன், கடைசி வரைக்கும் பாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஆடிக்கு மகளை அழைத்துவர வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஆனி மாதத்தில் ஒரு காலை, பூப்பறிக்கிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவில் சாய்ந்தார். எழவில்லை.

நாளை மறுநாள் முப்பதாம் நாள், படத்திறப்பு. அதற்குள் அந்தப் பேச்சு வேண்டும் என்று காவ்யா கேட்டிருந்தாள். "ஆல்பமும் வேணாம், பாட்டும் வேணாம்க்கா, அப்பா பேசுனது மட்டும் குடுங்க" என்று அவள் போனில் கேட்ட குரல் வனிதாவின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. கேமரா கார்டுகளை அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்காக அழித்தாயிற்று. பிரதி எடுத்து வைக்கிற ஹார்ட் டிஸ்க் காவ்யாவின் கல்யாண வாரம் நிரம்பிவிட்டது. புதிது வாங்கலாம், வாங்கலாம் என்றே முகூர்த்தங்கள் ஓடிவிட்டன. ஆத்மநாதனின் குரல் இந்த உலகத்தில் மீதி இருந்தது அந்த நீலத் திரைக்குப் பின்னால் மட்டும்தான்.

"அக்கா, ஒங்க மெயில் ஐடி சொல்லுங்க, பார்த்துருவோம்," என்றான் அருண்குமார்.

சொன்னாள். தன் போனில் போட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. திருப்பதியின் மெயில், மகள் ரம்யாவின் மெயில் எல்லாம் பார்த்தாயிற்று.

"இது எதுலயும் இல்ல. சரி, தெனமும் தொறக்குறப்ப ஸ்கிரீன்ல யார் பேரு வரும்?"

திருப்பதி மனைவியைப் பார்த்தார். வனிதா தரையைப் பார்த்தாள். டீ காய ஆரம்பித்திருந்தது, எறும்பு வந்துவிட்டது.

"சொல்லுங்கண்ணே."

"அய்யப்பன்னு வரும்," என்றார் திருப்பதி.

"அது யாரு?"

"எங்க அண்ணன்," என்றாள் வனிதா. அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று! "குவைத்துல இருக்காரு. அவரு வாங்கியாந்து குடுத்ததுதான் இது."

"அட, அம்புட்டுத்தானா! வெளிநாட்டுலேருந்து வர்ற லேப்டாப்பு எல்லாம் இந்தக் கதைதான்க்கா. பெட்டி பிரிக்காம கொண்டாந்தா ஏர்போர்ட்ல கேள்வி கேப்பாங்கன்னு அங்கயே பிரிச்சு, சொந்த லேப்டாப் மாதிரி அவங்க பேரையே போட்டுக் கொண்டாந்துருவாங்க. இங்க யாரும் மாத்துறதில்ல. அப்பக் கீ அவருகிட்டதான் இருக்கு. ஒரு போனைப் போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலை. பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அவனை டீ குடிக்கப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார் திருப்பதி.

அப்பா இல்லாத வீட்டில் அய்யப்பன்தான் வனிதாவுக்கு அப்பா. மீசை கூடச் சரியாக முளைக்காத வயதில் குவைத்துக்குப் போனவன். ஒரு சமையல் காண்ட்ராக்ட் கம்பெனியில் மூட்டை தூக்க ஆரம்பித்து, பிறகு ஸ்டோர் கீப்பர் ஆனான். தங்கையைப் படிக்கவைத்தான், படித்து முடித்ததும் "டைப்பிங் மட்டும் பத்தாதுத்தா, போட்டோ வேலை கத்துக்க" என்று கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டான். கேமராக்காரர் திருப்பதி பெண் கேட்டு வந்தபோது, "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில், சண்டை வந்தாலும் பேசித்தான் ஆகணும்" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தான். பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் படம் வெட்ட வனிதா நாள்கணக்கில் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த லீவில் இந்த லேப்டாப்பைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான். அதைத் திறந்தபோது அவள் குதித்த குதியில் கட்டில் சட்டம் விட்டுப்போனது.

அப்படிப்பட்ட அண்ணன் தங்கைக்குள்ளும் விதி புகுந்து விளையாடியது.

மகள் ரம்யாவின் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர்தான் முதல் சீர்; தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் மற்றவர்கள். அய்யப்பன் அதற்கென்றே லீவு போட்டுப் புறப்பட்டான். விமானம் தாமதம். திருச்சியில் இறங்கிச் சீர்த்தட்டுகளோடு வண்டி கிளம்பியபோது இங்கே நல்ல நேரம் முடிகிற தறுவாயில் இருந்தது. "நேரம் தப்பக் கூடாது, நேரம் தப்பக் கூடாது" என்று பெரியவர்கள் நெருக்க, பெரியப்பா மகன் ஒருவனைத் தாய்மாமன் இடத்தில் உட்காரவைத்து, அவன் கையால் மாலை போடவைத்துவிட்டார்கள். வனிதா வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. தட்டுகளோடு வந்த அய்யப்பன் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தான். மருமகள் கழுத்தில் மாலை கிடந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டுகளைத் திருப்பிவிட்டான். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

தன் நிலைமையை அண்ணன் புரிந்துகொள்ளவில்லையே என்று இவளுக்கு வருத்தம். தனக்காகக் கொஞ்சம் நின்றிருக்கக் கூடாதா என்று அவனுக்கு. அவர் பேசட்டும், அவள் பேசட்டும் என்று இருந்ததில் ஆத்தா கண்மூடினாள். ஆத்தாவின் தலைமாட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதவர்கள், அப்போதும் பேசவில்லை. அன்று பள்ளிக்கூடம் போன ரம்யா இன்று திருச்சியில் நர்சிங் படிக்கிறாள்.

ஆனாலும் பாருங்கள், அவன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் முதலில் பார்ப்பது இவள்தான். இவள் வைத்தால் அவன். இவள் பொங்கல் பானையைப் படம்பிடித்துப் போட்டால், சிறிது நேரத்தில் பார்த்தவர்கள் வரிசையில் அண்ணன் பெயர் வந்துவிடும். அன்று முழுவதும் வனிதா யாரையும் திட்ட மாட்டாள். காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

லேப்டாப்பும் அப்படித்தான். தினமும் காலையில் திறந்தால் திரையில் முதலில் வருவது அய்யப்பன் என்ற பெயர். அதற்குக் கீழேதான் இவள் தன் நம்பரைப் போட்டு உள்ளே போவாள். "அந்தப் பேரை மாத்திரலாம்ல, தெனமும் பார்த்துப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற" என்று திருப்பதி ஒருமுறை கேட்டார். "எனக்கு மாத்தத் தெரியாது" என்றாள். ஊரார் முகங்களையெல்லாம் வெள்ளையாக்கி, வழுக்கையில் முடி வளர்த்து, வராத சொந்தக்காரரை குரூப் போட்டோவில் நிற்கவைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு பெயரை மாற்றத் தெரியாதாம்!

"நான் பேசவா?" என்றார் திருப்பதி மெதுவாக.

"நீங்க பேசுனா எடுக்க மாட்டாரு."

"நீ பேசுனா எடுப்பாரா?"

அவள் காய்ந்த டீயைத் துடைக்கத் துணி எடுத்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்டோ நின்றது. காவ்யா இறங்கினாள். கல்யாணப் படத்தில் பார்த்த பெண்ணா இது! கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கழுத்தில் புதுத் தாலிக்கயிற்று மஞ்சள் மட்டும் மங்காமல் நின்றாள். வாசல் வரை வந்தவள் உள்ளே வராமல் நின்றாள்.

"வா காவ்யா, ஏன் அங்கயே நிக்கிற?"

"இல்லக்கா... இன்னும் முப்பது முடியல. நீங்க கல்யாணவேலை பாக்குற எடம்."

 வனிதா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்காரவைத்தாள். "இங்கிட்டு உக்காரு. அப்படியெல்லாம் இங்க ஒண்ணுமில்ல."

தண்ணீர் கொடுத்தாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? திருப்பதிதான் சொன்னார், திக்கித் திணறி. லேப்டாப் பூட்டிக்கொண்டது, சாவி நம்பர் வேண்டும், இல்லாவிட்டால் அழித்துத்தான் திறக்க முடியுமாம் என்று.

காவ்யா கத்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா என்னண்ணே பேசுனாங்க? நீங்க கேட்டீங்கள்ல, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள்.

திருப்பதி வாயைத் திறந்தார், மூடினார். "நான் போகஸ்ல இருந்தேம்மா. ஹெட்போன்ல சத்தம் சரியா வருதான்னு பார்த்தேன். என்ன பேசுனாருன்னு... பஸ்ஸுன்னு ஏதோ சொன்னாரு. முழுசா ஞாபகம் இல்லம்மா."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. இத்தனை கல்யாணங்களில் அழுதவர்களையெல்லாம் படம்பிடித்த மனிதர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்த நம்பரு யாருகிட்டண்ணே இருக்கு?"

"எங்க அண்ணன்கிட்ட," என்றாள் வனிதா.

"கேக்கலையாக்கா?"

வனிதா தலையைக் குனிந்துகொண்டாள். காவ்யா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, பயந்துபோய், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா... ஒங்க அண்ணன் இருக்காருல்ல?"

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறாள் அந்தப் பெண்! ஒருவரிடம் கேட்க முடியவில்லை என்றால் அவர் இறந்திருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த காரணம். வேறு எந்தக் காரணமும் இருக்க முடியும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

"இருக்காரு. நல்லா இருக்காரு. ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்காரும்மா!" என்று சொல்லும்போதே வனிதாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அடித்து அடித்து நின்றது.

"டூட்டியில இருப்பாரு," என்றார் திருப்பதி.

வனிதா போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஆண்டுக்கணக்காகப் பேசாத தங்கை கூப்பிட்டால் எதற்கு எடுக்க வேண்டும்? எந்த முகத்தோடு கூப்பிட்டோம்? எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது மடியில் போன் அதிர்ந்தது.

"என்னத்தா? என்ன ஆச்சு?" மூச்சு வாங்குகிற குரல். "ரம்யாவுக்கு என்ன? மாப்ளைக்கு என்ன? சொல்லுத்தா! குளிர் ரூமுக்குள்ள நின்னேன், போன் வெளிய கெடந்துச்சு. சொல்லு!"

தங்கை போன் செய்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவனுக்கும் தோன்றியிருக்கிறது. வனிதா "அண்ணே" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் அவன் பதறப் பதற, திருப்பதி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். ஒங்க லேப்டாப்புதான் படுத்துக்கிச்சு."



"லேப்டாப்புக்கா போன் போட்டீங்க?" என்றான் அய்யப்பன். குரல் இறங்கியிருந்தது. "அதானே பார்த்தேன்."

"அண்ணே!" வனிதா போனைப் பிடுங்கினாள். "லேப்டாப்புக்குத்தான் போட்டேன். இல்லேன்னா எனக்குத் தைரியம் வந்திருக்காது. நீ திட்டு, அப்பறம் எம்புட்டு வேணாலும் திட்டு. இப்ப இந்தப் புள்ளைக்கு அவங்க அப்பா வேணும்ண்ணே." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பூக்கொல்லை, கல்யாணம், படத்திறப்பு, நீலத் திரை, நாற்பத்தெட்டு நம்பர்.

கேட்டு முடித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ள பக்கத்துல இருக்கா?"

"இருக்கா."

"பொறு. பாக்குறேன்."

அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! தன் போனில் அந்தப் பழைய மெயிலைத் திறக்கப் பார்த்தான் அய்யப்பன். நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த, பதிவுசெய்த போனுக்கு ஒரு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது அது. அவன் போனுக்கு ஒன்றும் வரவில்லை. "எந்த நம்பருக்கு அனுப்புச்சுன்னு தெரியலையே" என்று அவன் புலம்பும்போது வனிதாவின் போன் 'டிங்' என்றது.

"அண்ணே, எனக்கு வந்துருக்கு!"

"ஒனக்கா? ஒனக்கு எப்படி... அடச் சே! அன்னிக்கு ஊருக்கு வந்தப்ப குவைத்து சிம்மு வேலை செய்யலேன்னு ஒன் நம்பரைத்தானே குடுத்தேன்."  "நீ இன்னும் அதே நம்பரைத்தான் வச்சிருக்க."

"மாத்துனா நீ எப்படிக் கூப்புடுவ?"

அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமினான். "சரி சரி. நம்பரைச் சொல்லு."

அவள் தன் போனுக்கு வந்ததைச் சொன்னாள். அவன் உள்ளே போனான். திரையில் இருந்த அடையாளக் குறியைத் திருப்பதி வாசிக்க, ஒத்துப் பார்த்துக்கொண்டு, "இருக்குத்தா! இந்தா இருக்கு! ஆறு ஆறா படிக்கிறேன், அடி. அவசரப்படாத" என்றான்.

ஸ்டோரில் பெட்டி எண்களை வாசித்துப் பழகிய குரல். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, அழுத்திப் படித்தான். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள். ஏழு. ஏழு. மூணு. மூணு. அண்ணனும் தங்கையும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பேசிக்கொண்டது இதுதான். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை, வெறும் எண்கள். ஆனால் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. ஒவ்வோர் எண்ணும் அவள் மடியில் பூ விழுவது போல விழுந்தது.

நடுவில் கண்ணீர் மறைத்து ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டாள். திரை ஏற்க மறுத்தது.

"கண்ணைத் தொடச்சுக்கிட்டு அடிடி," என்றார் திருப்பதி.

"மாப்ளை, புள்ளைய வையாதீங்க," என்றது போன். "நான் திரும்பப் படிக்கிறேன்."

கடைசி எண்ணை அடித்து முடித்தாள். நீலம் மறைந்தது. கறுத்தது. அந்தக் கறுப்பில் நான்கு உயிர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு வெளிச்சம் வந்தது. திரையின் நடுவில், தினமும் வருகிற இடத்திலேயே, அய்யப்பன் என்ற பெயர் வந்தது.

வனிதா கையெடுத்துக் கும்பிட்டாள். சுவரில் இருந்த சாமி படங்களைப் பார்த்து அல்ல, அந்தப் பெயரைப் பார்த்து.

"தொறந்துச்சா?" என்று போன் கேட்டது.

"தொறந்துருச்சு மச்சான்!" என்று கத்தினார் திருப்பதி. காலையில் கத்தாமல் விட்டதற்கும் சேர்த்துத் தெருவுக்கே கேட்டது.

அந்தப் பேச்சைத் தேடி எடுக்க நேரமாகவில்லை. வனிதா தொட்டதும் மண்டபத்தின் பின்சுவர் வந்தது. பட்டுவேட்டி, வெற்றிலை போட்ட வாய், தோளில் துண்டு. ஆத்மநாதன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "ஓடுதா தம்பி? ஓடுதா? சரி."

காவ்யா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"காவ்யா, அப்பா பேசுறேன். நீ அறந்தாங்கிக்குக் காலேஜ் போனேல்ல, அந்த பஸ்ஸு நம்ம பூமார்க்கெட்டைத் தாண்டித்தான் போகும். தெனமும் அந்த நேரத்துக்கு நான் அங்க நிப்பேன். நீ ஜன்னலோரம் உக்காந்து போனைப் பாத்துக்கிட்டே போவ. லாரி மறைவுல நின்னு பார்ப்பேன். அப்பன் அழுக்கு வேட்டியோட நிக்கிறதை ஒங்கூட்டாளிக பார்த்தா ஒனக்குக் கூச்சமா இருக்கும்னு கையாட்ட மாட்டேன். பஸ்ஸு போனப்பறம் ஆட்டுவேன்." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்ப மாப்ளை ஊருக்குப் போற. நல்லா இரு. சண்டை சச்சரவு வந்துச்சுன்னா கெளம்பி வந்துரு, ஏன் வந்தேன்னு கேக்க மாட்டேன். ரெண்டு நாள் சாப்புட்டுட்டுக் கெளம்பிப் போயிரு. அம்புட்டுத்தான். அழுவாத. தம்பி, போதும் நிப்பாட்டு." நிறுத்தச் சொன்னவர், நிற்பதற்கு முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி ஆட்டினார்.

காவ்யா கதறிவிட்டாள். அப்பா போன நாளிலிருந்து சரியாக அழாத பெண் என்று அவளுடைய அத்தை சொல்லியிருந்தாள். அத்தனை நாள் அழுகையும் அங்கே வந்தது. வனிதா அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழுது முடித்து, காவ்யா திரையைப் பார்த்துத் தானும் ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள். பஸ் ஜன்னலிலிருந்து ஆட்டாமல் விட்டதை.

ஸ்பீக்கரில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனை வைக்கவே இல்லை அவன்.

"அண்ணே, கேட்டுக்கிட்டா இருக்க?"

"ம்." கொஞ்சம் கழித்து, "பாஸ்வேர்டு மறந்துருக்கும்னு நெனச்சியாத்தா?" என்றான்.

"மறக்கலையா?"

"மருமக பேரைத்தானே வச்சிருந்தேன். அதை எப்படி மறப்பேன்?"

வனிதா மறுபடி அழ ஆரம்பித்தாள். "அண்ணே, ரம்யா கல்யாணத்துக்கு ஒன் தட்டுதான் மொதத் தட்டு."

"அன்னிக்கும் பிளைட்டு லேட்டாயிருச்சுன்னா?"

"நிப்போம்ண்ணே. முகூர்த்தம் போனா போவட்டும். வேற நாள் பார்த்துக்குவோம். நீ வந்தாத்தான்."

"மாப்ளை வீட்டுக்காரன் கோவிச்சுக்குவான்டி."

"கோவிச்சுக்கட்டும்! எங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டதைவிடவா?"

போனுக்குள் அவன் சிரித்தான். பக்கத்தில் யாரோ அரபியில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "வேலை கெடக்கு, சாயங்காலம் நானே கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு, "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு, அவங்க அப்பா நல்ல மனுசன்னு" என்றான். போன் அடங்கியது.

திருப்பதி ஆத்மநாதனின் பேச்சை பென் டிரைவில் போட்டார். காவ்யாவின் போனிலும் போட்டார். தன் போனிலும் ஒன்று வைத்துக்கொண்டார். "இனிமே எனக்கு எதுலயும் நம்பிக்கை இல்ல," என்று சொல்லிக்கொண்டே மகள் ரம்யாவுக்கும் ஒன்று அனுப்பி, அழிக்காதே என்று சொல்லிவைத்தார்.

காவ்யா கைப்பையைத் திறந்தாள். வனிதா அந்தக் கையை மூடினாள்.

"நான் ஒனக்குத் தரணும்மா. நீ வரலேன்னா நான் அந்த நம்பருக்குப் போட்டுருக்கவே மாட்டேன். எங்க அண்ணனை எனக்குத் திருப்பிக் குடுத்தது ஒங்க அப்பா."

"எங்க அப்பாவைத் திருப்பிக் குடுத்தது ஒங்க அண்ணன்க்கா," என்றாள் காவ்யா. "அவருக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?"

"லீவுல வருவாரு. வந்து சொல்லு."

பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு காவ்யா எழுந்தாள். வாசல்வரை போனவள் மறுபடியும் நின்றாள். துக்கம் இருக்கிற வீட்டுக்காரர்கள் விடைபெறும்போது 'வருகிறேன்' என்று சொல்வதில்லை. சொல்லாமல்தான் போவார்கள். அவளும் சொல்லாமல் படியிறங்கப் பார்த்தாள்.

"சொல்லிட்டுப் போ காவ்யா," என்றாள் வனிதா.

"அக்கா, இன்னும்..."

"இது ஒன் வீடுன்னு நெனச்சுக்க. சொல்லிட்டுப் போ."

காவ்யா திரும்பினாள். "வாரேங்க்கா," என்றாள். "வாரேண்ணே."

"வாம்மா. நல்லா வா," என்றார் திருப்பதி.

ஆட்டோ கிளம்பியது. திரும்பிப் பார்த்து அவள் கையை ஆட்டினாள். ஆட்டோ மார்க்கெட் திருப்பத்தில் மறையும்வரை வனிதாவும் ஆட்டிக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.